காரில் பாடும் கேசட்: இயக்கமும் பராமரிப்பும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அச்சு இயந்திரம் தோன்றி ஐந்நூறு ஆண்டுகள் ஆன பின்னும் எழுத்து எட்டிப் பார்க்காத வீடுகள் நம் நாட்டில் ஏராளமாக இருந்தன. அத்தகைய வீடுகளுக்குள்ளும் கேசட் வெகு விரைவில் நுழைந்துவிட்டது. 1963-ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனம் இதனை உலகுக்குக் காட்டியது. லூ ஓட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில், பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரத் தொழிற்சாலையில் உருவான சிறு பெட்டி அது. 1968-ல் அதே நிறுவனம் காருக்கென்றே ஒரு கேசட் கருவியையும் வெளியிட்டது. 1980களில் நம் கொங்கு நாட்டுச் சாலைகளில் வாடகைக் கார், தனியார் பேருந்து, லாரி என்று எதிலும் கேசட் பாடத் தொடங்கிவிட்டது.

இன்று எதற்குக் கேசட்டைப் பற்றி ஒரு கட்டுரை என்று நண்பர்கள் நகைக்கலாம். புதுக் கார்களில் கேசட் கருவி வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. நம் அம்பாசடர் காரின் உற்பத்தியே 2014-ல் நின்றுபோயிற்று. ஓட்டன்ஸும் 2021-ல் தமது 94-ஆம் வயதில் காலமானார். எல்லாம் உண்மைதான். ஆனால் கேசட்டுகள் போய்விடவில்லை. பரணிலும், பீரோவுக்கு அடியிலும், பழைய பிஸ்கட் டின்களிலும் அவை கிடக்கின்றன. திரைப்படப் பாட்டுக் கேசட் போனால் போகட்டும். அந்தப் பாட்டு வேறு நூறு வழிகளில் கிடைக்கும். வீட்டில் பதிவு செய்த கேசட் அப்படியா? அதற்கு இரண்டாம் பிரதி உலகில் எங்கும் கிடையாது.

எங்கள் வீட்டையே சொல்கிறேன். எனக்கு முன் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமிலர். அப்பாரு கைநாட்டு. அவர் எழுதிய கடிதமோ, கணக்கு நோட்டோ ஒன்றுகூட இல்லை. ஆனால் அவர் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவார். அவர் பாடியதில் ஒரு மணி நேரம் மட்டும் ஒரு கேசட்டில் இருக்கிறது. அதனைக் கேட்க எங்களிடம் உள்ள ஒரே கருவி, பெரியப்பாவின் அம்பாசடரில் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் பெட்டிதான். வீட்டிலிருந்த டேப் ரிக்கார்டர் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆகவே இக்கருவியைப் பேணுவது எனக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

அண்ணன்மார் கதைக்கும் ஒலிநாடாவுக்கும் பழைய உறவும் உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, 1965-ல் இக்கதையைப் பல இரவுகள் பாடக் கேட்டு நாடாவில் பதிந்தார். 1982-ல் அவர் இக்கதையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூலும் வெளியிட்டார். அவர் பதிந்த காலத்தில் கேசட் பிறந்து இரண்டே ஆண்டுகள். பின்னால் கேசட் ஊர் ஊராக வந்த பிறகு, அறிஞர் எவரும் வராத ஊர்களிலும் மக்கள் தாங்களே இந்த வேலையைச் செய்துகொண்டார்கள். அவ்வாறு பதிந்தவை இன்று யார் யார் வீட்டில் எந்த நிலையில் உள்ளன என்று எண்ணிப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

நாடா பேசுவது எப்படி?

ஒலியைக் காந்தமாகப் பதியலாம் என்று முதலில் செய்து காட்டியவர் டென்மார்க் நாட்டு வால்டெமர் பவுல்சன். ஆண்டு 1898. அவர் பதிந்தது எஃகுக் கம்பியில். 1928-ல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர், காகித நாடாவின் மேல் இரும்புத் துகளைப் பூசினார். இன்று நம் கையிலுள்ள கேசட்டில் இருப்பது பாலியஸ்டர் நாடா. அதன் மேல் பழுப்பு நிறமாகத் தெரிவது பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு. துருவுக்கு நெருங்கிய உறவு. நாடாவின் அகலம் 3.81 மி.மீ. பாடும்போது அது வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஒரு சிறு உலோக முகத்தை உரசிச் செல்கிறது. இந்த முகத்தைத்தான் மெக்கானிக்குகள் ஹெட் என்கிறார்கள். அதன் உள்ளே கம்பிச் சுருள். முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளவு. நாடாவிலுள்ள காந்தம் பிளவைக் கடக்கும்போது சுருளில் காந்தப் பாயம் மாறுகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-ல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பிறக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லி வோல்ட்டுக்கும் குறைவு. அதனைப் பெருக்கிப் பெருக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். ஆகையால் ஹெட்டில் நேரும் சிறு குறையும் பெருகியே வந்து சேரும்.

இங்கே நம் வகுப்பு நண்பர்கள் பென்சிலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 30 நிமிடம், அதாவது 1,800 வினாடி. வேகத்தால் பெருக்கினால் சுமார் 86 மீட்டர் நாடா. 90 நிமிடக் கேசட்டில் சுமார் 129 மீட்டர். பெட்டியின் அளவோ ஒன்றே. அப்படியானால் கூடுதல் நாடா எப்படி உள்ளே அடங்குகிறது? நாடாவை மெலிதாக்கித்தான். 60 நிமிட நாடாவின் தடிமன் சுமார் 18 மைக்ரான், 90-க்கு 12, 120-க்கு 9. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குலுங்கும் காரில் 120 நிமிடக் கேசட்டைப் போடுவது வாழை நாரில் வண்டியைக் கட்டி இழுப்பது போன்றது. காருக்கு 60 நன்று, 90 பரவாயில்லை.

ஹெட் அழுக்கு

கார் கேசட் கருவியில் வரும் புகார்களில் பெரும்பாலானவை அழுக்கால் வருபவை என்பது என் எண்ணம். உக்கடம் பக்கத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்காரரிடம், பாட்டு மங்கலாகக் கேட்கிறது, பெல்ட் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். "மொதல்ல ஹெட்டத் தொடைச்சுப் பாருங்க தம்பி. அதச் செய்யாம பெல்ட்ட மாத்தறது தலநோவுக்குச் செருப்ப மாத்துன கதையாட்ட இருக்குமுங்க" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் கணக்கு காட்டுகிறது.

வினாடிக்கு 10,000 அதிர்வு கொண்ட ஒலியை எடுத்துக்கொள்வோம். சலங்கையின் கலீரென்னும் ஓசை, தாளத்தின் கூர்மை, 'ச', 'ஸ' போன்ற எழுத்துகளின் சீறல் எல்லாம் இந்த வட்டாரத்தில் உள்ளவை. 4.76 செ.மீ. நாடாவில் 10,000 அலைகள் அடங்க வேண்டுமானால் ஓர் அலையின் நீளம் 4.76 மைக்ரான்தான். நம் ஆய்வகத்து நகரும் நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரான். அதனால் அளக்கக்கூட முடியாத அலைநீளம் இது! இப்போது ஹெட்டின் மேல் ஒரு மைக்ரான் கனத்துக்கு அழுக்குப் படிந்தால் என்ன ஆகும்? நாடா ஹெட்டை விட்டு அவ்வளவு தூரம் விலகிப் போகும். விலகும் தூரம் ஓர் அலைநீளம் ஆனால் ஒலி சுமார் 55 டெசிபல் குறையும் என்பது 1951-ல் வாலஸ் என்பவர் வெளியிட்ட விதி. நம் கணக்கில் விலகல் அலைநீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே குறைவு 11 டெசிபலுக்கு மேல். மின்னழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் வினாடிக்கு 200 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 238 மைக்ரான். அதற்கு இந்த அழுக்கு ஒரு பொருட்டே அன்று; கால் டெசிபல்கூடக் குறையாது. இதனால்தான் அழுக்கான கருவியில் தவில் கேட்கும், தாளம் கேட்காது. பாடுபவர் வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுவது போலிருக்கும்.

இந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? பாதி நாடாவிலிருந்தே வருகிறது. உரசி உரசி ஆக்ஸைடு உதிர்கிறது. மீதி சாலையின் கொடை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும் நாட்களில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் டாஷ்போர்டில் விரலால் பெயர் எழுதலாம். மில் பகுதிகளில் பஞ்சுத் தூசி வேறு. கேசட் நுழையும் வாய்க்கு மூடி இருக்குமானால் அது உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடி இல்லாத பெட்டியானால், பாடாத வேளையில் ஒரு துணியையேனும் தொங்கவிடலாம்.

சுத்தம் செய்வதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஏற்றது. மருந்துக் கடையிலோ மின்னணு உதிரிப்பாகக் கடையிலோ கிடைக்கும். மெல்லிய குச்சி நுனியில் சுற்றிய பஞ்சை அதில் நனைத்து, பிழிந்து, நாடா ஓடும் திசையிலேயே ஹெட்டின் முகத்தைத் துடைக்க வேண்டும். பஞ்சில் பழுப்புக் கறை வருவது நிற்கும் வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்கலாம். பிறகு ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். பத்து மணி நேரம் பாடினால் ஒரு முறை துடைப்பது நல்ல வழக்கம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஆகா. ஒன்று ரப்பரைக் கெடுக்கும், மற்றது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். ஊதுபத்தி மணக்க வேண்டும் என்று அத்தரைத் தொட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

துடைக்கும்போது திருப்புளி ஹெட்டில் படக்கூடாது. நம் திருப்புளிகளில் பல லேசாகக் காந்தம் ஏறியவை. காந்தமேறிய ஹெட் தன்மேல் ஓடும் ஒவ்வொரு கேசட்டிலிருந்தும் மெல்லிய ஒலிகளைச் சிறிது சிறிதாக அழித்து, இரைச்சலைக் கூட்டும்.

தண்டும் உருளையும்

நாடாவை இழுப்பது கேசட்டின் பல்சக்கரம் என்றே நானும் பலரைப் போல நினைத்திருந்தேன். அது நாடாவைச் சுற்றிக்கொள்ள மட்டுமே. வேகத்தை நிர்ணயிப்பது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டு. ஒரு ரப்பர் உருளை நாடாவை அதன் மேல் அழுத்துகிறது. தண்டின் விட்டம் 2 மி.மீ. என்று கொண்டால், அது வினாடிக்கு ஏழரை முறைக்குச் சற்று மேல் சுழல வேண்டும். அதன் அடியில் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம். நிலைமத் திருப்புத்திறன் பாடத்தில் நாம் படிப்பதுதான். மோட்டார் சற்றே தடுமாறினாலும் கனத்த சக்கரம் அதனை நாடாவுக்குக் காட்டிக்கொடுக்காது.

இத்தண்டில் அழுக்குச் சேர்ந்து பிசுபிசுத்தால் நாடா அதிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கும். கார்க்காரர்கள் 'டேப்பைத் தின்னுது' என்பது இதைத்தான். அவ்வாறு ஆனால் கேசட்டை வெடுக்கென்று பிடுங்கக்கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, மெல்ல வெளியே எடுத்து, சிக்கிய நாடாவை விரலால் தளர்த்தி விடுவிக்க வேண்டும். பின்பு பல்சக்கரத்தின் துளையில் ஆறுமுகப் பென்சிலைச் செருகித் திருப்பினால் நாடா உள்ளே போய்விடும். நாடா அறுந்தால் சாதாரண செலோ டேப் ஒட்டக்கூடாது. வெயிலில் அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் ஹெட்டையும் பாழாக்கும். ஒட்டுவதற்கென்றே தனி நாடா உண்டு. ரப்பர் உருளையை ஆல்கஹாலால் அடிக்கடி துடைத்தால் வறண்டு வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சே போதும்.

ஓட்டுநர்கள் பலர் செய்யும் ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். கேசட் பாடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார்கள். சாதாரணக் கருவிகளில் மின்சாரம் நின்றாலும் உருளை தண்டை அழுத்தியபடியே இருக்கும். இரவு முழுவதும் அப்படி இருந்தால் ரப்பரில் ஒரு பள்ளம் விழும். மறுநாள் உருளை ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பாட்டு ஒரு தரம் நொண்டும். முதலில் கேசட்டை வெளியே எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்புவது ஒரு வினாடி வேலை. அந்த ஒரு வினாடிக்காக உருளை மாற்றும் செலவு வேண்டுமா?

பெல்ட் தளர்ந்தால் பாட்டு மெதுவாகி அசைந்தாடும். பாடகர் குரல் தடித்துப்போகும். பெல்ட்டைக் கழற்றிப் புதிதாக மாற்றுவதே வழி. வெந்நீரில் போட்டு எடுத்தால் இறுகும் என்று சிலர் சொல்வது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. மோட்டார்த் தண்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு, ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் எண்ணெய் நோயே தவிர மருந்தன்று.

வெயிலும் மின்சாரமும்

அம்பாசடரில் பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை இருக்குமல்லவா? ஸ்பீக்கரைப் பொருத்துவதும் அதில்தான், கேசட்டுகளை அடுக்குவதும் அதில்தான். இதைவிடக் கெட்ட இடம் காரில் வேறில்லை. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரில் அப்பலகை கை வைக்க முடியாதபடி கொதிக்கும். இரும்பு ஆக்ஸைடு தன் காந்தத்தை இழக்க 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே பாட்டு வெயிலில் அழிவதில்லை. பெட்டியின் பிளாஸ்டிக் வளைந்துவிடுகிறது. நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டின் பசை உருகி, துண்டு கழன்று விழுகிறது. போதாக்குறைக்கு, கீழே ஸ்பீக்கரின் வலிய காந்தம். வெயில் செய்யாத அழிவை அது செய்யக்கூடும்.

மின் இணைப்பைப் பொறுத்தவரை, சிவப்புக் கம்பியை ஃபியூஸ் வழியாகவே கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை. முடுக்கியை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் 'கீ' என்ற ஓசை ஏறி இறங்கினால் அது டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரின் குறும்பு. எர்த் கம்பியைத் துருவைச் சுரண்டிய நல்ல இரும்பில் முறுக்கினாலே பெரும்பாலும் அடங்கும். பெட்டியின் மேல் 100 வாட் என்று ஒட்டியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வண்டி ஓடும்போது மின்கலத்தில் சுமார் 14 வோல்ட். சாதாரணப் பெருக்கியில் ஸ்பீக்கருக்கு உச்சமாகக் கிடைப்பது அதில் பாதி, 7 வோல்ட். அதன் பயனுறு மதிப்பு 5 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம் எனில், ஐந்தின் வர்க்கத்தை நான்கால் வகுத்தால் 6 வாட் சொச்சம். இரட்டைப் பெருக்கி வைத்தாலும் 25 வாட்டைத் தாண்டாது. மீதி வாட்டுகள் ஸ்டிக்கர் அச்சடித்தவரின் தாராள மனத்திலிருந்து வந்தவை.

பழைய கேசட்டைப் போடுமுன்

முப்பது நாற்பது ஆண்டுக் கேசட் கிடைத்தால் ஆவலில் உடனே போட்டுவிடக்கூடாது. வெளிச்சத்தில் பிடித்து, நாடாச் சுருளின் மேல் வெண்மையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை இருந்தால் காரில் போடவே கூடாது. அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே போடலாம். பூஞ்சை இல்லையெனில், பின்விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிட வேண்டும். அதன்பின் எந்த டேப் ரிக்கார்டரிலும் அதன் மேல் தவறிப்போய்ப் புதிதாகப் பதிய முடியாது. கம்பளித் துண்டு இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பென்சிலால் கையாலேயே ஒரு முறை கடைசி வரை சுற்றித் திருப்ப வேண்டும். பல ஆண்டு ஒட்டிக் கிடந்த சுற்றுகள் விடுபடும். முதலில் வேறொரு வேண்டாத கேசட்டைப் போட்டுக் கருவி நாடாவைத் தின்னாமல் ஓடுகிறதா என்று சோதித்த பிறகே அருமையான கேசட் உள்ளே போக வேண்டும்.

கேட்டுப் பார்த்ததோடு நிறுத்தாமல் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா தேய்கிறது. ஸ்பீக்கர் கம்பிகளை நேரே கணினியில் செருகினால் கணினி போய்விடும். கருவியில் தனியாக லைன் வெளியீடு இருந்தால் அதிலிருந்தும், இல்லையெனில் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு ஒலியளவுத் திருகியின் முன்முனையிலிருந்தும் உறையிட்ட கம்பியில் எடுக்க வேண்டும். அப்போது இன்ஜின் ஓடக்கூடாது. பழைய பெட்ரோல் வண்டியில் இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்தால் இக்னிஷன் காயில் சூடேறிக் கருகலாம். அதனால் மின்கலத்திலிருந்து ஃபியூஸோடு தனிக் கம்பி இழுத்துக்கொள்வதே சரி.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஹெட்டின் பிளவு நாடாவுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஸ்டீரியோவில் ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.6 மி.மீ. ஹெட் 0.3 டிகிரி சாய்ந்தாலே தடத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் 3 மைக்ரான் வேறுபாடு வரும். முன்பு கண்ட 4.76 மைக்ரான் அலைக்கு அது பெரும் குழப்பம்; ஒலி பாதிக்கும் கீழே போய்விடும். வீட்டில் பதிந்த கேசட்டுகள் எந்தக் கருவியில் பதியப்பட்டனவோ அந்தக் கருவியின் சாய்வைத் தம்மோடு கொண்டுவருகின்றன. அப்பாருவின் கேசட் அப்படித்தான். சுத்தம் செய்த பிறகும் மங்கலாகவே இருந்தது. ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லோடு உள்ள சிறு திருகாணியைக் காந்தமில்லாத திருப்புளியால் மிக மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்றுக்கும் குறைவுதான். சொற்கள் தனித்தனியே பிரிந்து கேட்டன. தோளில் கிடந்த மணிச்சரமோ, கையிலிருந்த காப்போ, அவர் உடுக்கையை அடிக்கும்போதெல்லாம் சிணுங்குவதும் கேட்டது. அது அந்தக் கேசட்டில் இருப்பதே எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.

திருப்புமுன் திருகாணியின் தலையிலும் அருகிலும் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். மாற்றி முடித்த பின் அதே கோட்டுக்குக் கொண்டுவந்து, வண்டியின் குலுக்கலில் நகராதபடி ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடலாம். இல்லையேல் கடையில் வாங்கிய மற்றக் கேசட்டுகளெல்லாம் மங்கிப்போகும். கேசட்டை முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, உறையிலிட்டு, புத்தகம் போல நிறுத்தி வைக்க வேண்டும். உறையின் மேல் பாடியவர் பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். மை ஈரத்தில் கலைந்துவிடும்.